ஆடி மாதத்து நகங்கள்

மருத்துவ ஆராய்ச்சிக்கு முதல் பணம் கொடுக்கிற சின்ன அறக்கட்டளை ஒன்றில் என்னை வழிகாட்டியாகப் போட்டிருந்தார்கள். மருந்துக் கம்பெனியில் அரசு அனுமதி வாங்கும் பிரிவிலேயே தலை நரைத்தவள் நான். ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த பொருள் நோயாளியின் கைக்குப் போய்ச் சேர என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. நடைமுறையில், திட்டுவது.

என் பங்குக்கு வந்து சேர்ந்தவன் ஈரோட்டுக்காரன், பொறியாளன். என் மகன் வயது. அதனால் அவன் இவன் என்றே எழுதுகிறேன். துணி கிளிப் மாதிரி ஒரு கருவி செய்திருந்தான். விரலில் மாட்டினால், நகத்துக்கு அடியில் தெரியும் சிவப்பைப் பார்த்து ரத்தசோகை உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். ஊசி வேண்டாம். ஆராய்ச்சிக்கூடத்தில் அபாரமாக வேலை செய்தது. செய்யாமல் என்ன? மாட்டிப் பார்த்ததெல்லாம் அம்பத்தூரில் ஐ.டி. வேலை பார்க்கும் நண்பர்களுக்கு. நேரம் தவறாமல் பிரியாணி சாப்பிடுகிற கூட்டம்.

"ரத்தம் கம்மியா இருக்கற ஒரு பொம்பளையையாவது பாத்திருக்கியாப்பா?" என்று கேட்டேன்.

"இனிமேத்தானுங்க மேடம்."

அனுமதியெல்லாம் வாங்கி ஒரு முகாம் நடத்துவது என்று முடிவானது. கருவி சொல்வதும் ரத்தப் பரிசோதனை சொல்வதும் ஒத்துப்போனால்தான் மீதிப் பணம் வரும். இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு இதில் இறங்கியவன் அவன். முகாம் சொதப்பினால் பழைய வேலைக்கே திரும்பிவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தான்.

கரையான்சாவடியில் கல்யாண மண்டபம் பிடிக்கும் யோசனை என்னுடையது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், பாதி வாடகைக்குப் பேசு என்றேன். பேசி முடித்துவிட்டான். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஐயப்பன்தாங்கலில் பஸ் ஏறினேன்.

பாரிவாக்கத்திலிருந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். வெள்ளிக்கிழமை வேறு, தலை நிறையப் பூ. நகப்பூச்சு இருந்தால் கருவி ஏமாறும் என்று ஏதோ வெளிநாட்டுக் கட்டுரையில் படித்து, அதை அழிக்கும் திரவத்தைப் புட்டி புட்டியாக அடுக்கி வைத்திருந்தான் இவன். ஒருத்தி விரலிலும் நகப்பூச்சு இல்லை. அத்தனை பேர் நகத்திலும் மருதாணி!

ஆடி பிறந்தால் மருதாணி அரைப்பார்கள் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேருக்குமே அது உறைக்கவில்லை.

கருவி அந்தச் சிவப்பைப் பார்த்துச் சொக்கிப்போய்விட்டது. எல்லோருக்கும் ரத்தம் பிரமாதம் என்றது. வெளிறிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த ஓர் அம்மாவுக்கும் அதே பிரமாதம்.

"இன்னாப்பா சொல்றே? ரத்தம் நல்லா கீதா? அப்ப ஊட்டுல மாடிப்படி ஏறினா ஏன் மூச்சு வாங்குது?" என்று அந்த அம்மா கேட்டார்.

அவன் என் பக்கம் திரும்பினான். "மேடம், இது எப்பங்க போகும்?"

"நகம் வளந்து வெட்டினாத்தான். தீபாவளி ஆயிடும்."

"அப்ப தீபாவளி முடிஞ்சு..."

"தீபாவளிக்கு மறுபடி வைப்பாங்கப்பா!"

அவன் முகம் செத்துப்போனது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நர்ஸ் ஒரு பக்கம் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க விரலைக் கொஞ்சம் குடுங்க மேடம். இதுக்கு உசுராவது இருக்குதான்னு பாக்கறேன்" என்றான் அவன்.

மருதாணி வைக்கச் சோம்பல்பட்ட கை அந்த மண்டபத்திலேயே என்னுடையது ஒன்றுதான். மாட்டினான். கருவி கத்த ஆரம்பித்தது. ரத்தம் மிகக் குறைவு என்று திரையில் எழுத்து வந்தது.

"நல்லா இருக்குய்யா உன் மிஷின்! மூச்சு வாங்கறவங்களுக்கு ரத்தம் பிரமாதம், இட்லியும் வடையும் தின்னுட்டு வந்த எனக்குச் சோகையாம்!"

அவன் சிரிக்கவில்லை. எனக்கும் ரத்தம் எடுக்கும்படி நர்ஸிடம் சொன்னான். வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அசையாமல் நின்றான். குத்தித் தொலைங்க என்று கையை நீட்டினேன்.

மறுநாள் போன் செய்தான். "எத்தனை தப்பு?" என்றுதான் கேட்டேன்.

"அது கெடக்குதுங்க மேடம். உங்களுக்கு ரொம்பக் கம்மியா இருக்குதுங்க, மிஷின் சொன்னாப்பலயே. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. நான் வந்து கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

தன் உழைப்பு மொத்தமும் மண்ணாகிக் கிடக்கிறது, இவன் என் ரத்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிறான். எனக்கு மனசு இளகிவிட்டது. அதை அவனிடம் காட்டுவேனா? பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பச்சரிசி மெல்லும் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். உண்டு, கைப்பையிலேயே இருந்தது. ரத்தம் குறைந்தவர்களுக்குத்தான் அந்த ஆசை வருமாம். முழங்கால் வலிக்கு நானாகக் கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கி, உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்ததாம். ஊருக்கெல்லாம் மருந்தைப் பற்றிப் புத்தி சொன்னவளின் லட்சணம் இது.

அடுத்த வாரம், மீதிப் பணம் தருவதா என்று முடிவு செய்ய அறக்கட்டளையின் குழு கூடியது; வழிகாட்டி என்ற முறையில் எனக்கும் அதில் ஓட்டு உண்டு. அவன் எதையும் மறைக்கவில்லை. மருதாணி நகங்களில் கருவி முழுத் தோல்வி என்று தானே சொன்னான். நகத்துக்குப் பதில் கண்ணின் கீழிமை உட்புறத்தைப் பார்க்கும்படி மாற்றி அமைக்க அவகாசம் கேட்டான்.

"சோகை இருக்கற ஒருத்தருக்காவது சரியா சொல்லிச்சா?" என்றார் தலைவர்.

"ஒருத்தருக்குச் சொல்லுச்சுங்க."

"யாருக்கு?"

அவன் வாயைத் திறக்கவில்லை. நோயாளி யார் என்று எவரிடமும் சொல்லக்கூடாது என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். ஒருவன் தன் பிழைப்பே போகிற நேரத்தில் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினால் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

"எனக்குத்தான்" என்றேன். கருவியால் பயன் அடைந்தவள் அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். எனக்கே பரீட்சை முடிவு வரப்போகிற மாதிரி வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவன், "மாத்திரை போட்டீங்களா?" என்றான்.

"போட்டேன், போட்டேன். உள்ளே என்ன சொன்னாங்க, அதைச் சொல்லு முதல்ல."

"ஆறு மாசம் குடுத்திருக்காங்க மேடம். ஆனா எனக்கு வழிகாட்டியா வேற ஒருத்தரைப் போடறாங்களாம்."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"இல்லீங்க" என்றான். "நீங்க இனிமே என்னோட பேஷன்ட்டுங்களாம்."