நசுங்காத பம்பர்

உருகிய அலுமினியத்தில் ஒரு சாம்பல் நிறப் பொடியைப் போட்டு வேகமாகக் கலக்கினால் உள்ளே வாயு கிளம்பிக் குழம்பு பொங்கி எழும். பொங்கிய பதத்திலேயே ஆறவைக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் குமிழ்கள் உடைந்து அமுங்கிவிடும். ஜெயராணி ஒரு வருஷம் முழுக்க அமுங்கியதையே திரும்பத் திரும்ப உருக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைத் தொழிலாளி. மகள் சிதம்பரத்தில் படித்து உலோகவியலில் டாக்டர் பட்டம் வாங்கினாள். கிடைத்த கல்லூரி வேலைக்குப் போகாமல், முதுநகரில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். கணவன் அன்பரசு தலையில் அடித்துக்கொண்டான்.

கடைசியில் நுரை அமுங்காமல் நின்றது. கட்டியை அறுத்தால் இட்லிபோல உள்ளே துளை துளையாக இருந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. வண்டி எதிலாவது மோதினால் அந்தத் துளைகள் நசுங்கி, இடியைத் தாமே வாங்கிக்கொள்ளும்.

அந்தக் கட்டியில் அவள் பம்பர் செய்தாள். சிதம்பரத்தில் மினி பஸ் விடும் ஸ்ரீதர்தான் முதலில் ஒரு வண்டிக்கு வாங்கிப் போட்டார். புதுச்சத்திரம் பக்கம் மாட்டுக்கு ஒதுங்கிய அந்த வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. டிரைவர் ராஜாமணி இறங்கி, சட்டையை உதறிக்கொண்டு நின்றார். மறுநாள் ஸ்ரீதர் நசுங்கிய கட்டியைக் கொண்டுவந்து கொட்டகையில் போட்டார்.

"இன்னா மேடம் சரக்கு இது? ஒரே இடியில அப்பளமா போயிடுச்சி."

"அது நசுங்குனதாலதான் சார் ராஜாமணி அண்ணனுக்கு ஒண்ணும் ஆவல."

"அவருதான் நல்லா இருக்காரே. அப்புறம் எதுக்கு இது நசுங்கணும்?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஸ்ரீதர் ஊரெல்லாம் சொன்னார். அந்தம்மா பம்பர் தொட்டால் நசுங்குகிறது என்று பேச்சாகிவிட்டது. பிறகு ஒருவரும் வரவில்லை.

"கேக்கறத குடு ராணி. ஊருக்குப் பாடம் எடுக்கவா கொட்டாய் போட்ட?" என்றான் அன்பரசு.

ஜெயராணி கனத்த இரும்பில் பம்பர் அடித்து, சேஸிஸோடு சேர்த்து வெல்டு வைத்துக் கொடுத்தாள். ஸ்ரீதர் தட்டிப் பார்த்துவிட்டு எல்லா வண்டிக்கும் போடச் சொன்னார்.

அந்த மழைக்காலத்தில் ஆலப்பாக்கம் அருகே நின்றிருந்த கரும்பு டிராக்டரின் பின்னால் ராஜாமணி போய் இடித்தார். பம்பர் அசையவில்லை. இடி முழுக்க வண்டிக்குள் வந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி தங்கம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஜெயராணி உட்கார்ந்தாள்.

"மேடம், மொதல்ல லேசா ஒண்ணு போட்டீங்களே," என்றார் ராஜாமணி. "அது இருந்திருந்தா?"

தங்கம்மாளும் ஜெயராணியின் முகத்தையே பார்த்தாள்.

"இந்த மழையில எது இருந்தாலும் ஒண்ணுதான் அண்ணே."

ராஜாமணி தலையாட்டினார். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது போலத் தெரிந்தது. ஜெயராணி ஸ்டூலை விட்டு எழுந்துகொண்டாள்.

வெளியே வராந்தாவில் ஸ்ரீதர் நின்றிருந்தார். "பாவம் மனுசன். ஆனா பாத்தீங்களா மேடம், பம்பர்ல ஒரு கீறல் இல்ல. திருப்பாதிரிப்புலியூர்ல ரெண்டு ஓனருங்க கேக்கறாங்க."

"அளவ அனுப்பச் சொல்லுங்க," என்றாள்.

இப்போது கொட்டகையில் ஆட்கள் வைத்து வெல்டிங் நடக்கிறது. ஆர்டருக்குக் குறைவில்லை. நுரை காய்ச்சிய உலையைப் பாத்திரப் பட்டறைக்காரர் ஒருவர் கேட்டார். கொடுத்துவிட்டாள்.