பேஸ்போல் மைதானத்தில் மாமியுடன் ஒரு ஞாயிறு

எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேர்னில், ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. அப்போது நான் மெல்பேர்னுக்குக் கிழக்கே, காரில் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு சிறு நகரில், மின்நிலையமொன்றில் பொறியியலாளராக வேலை பார்த்தேன். என் மனைவிக்கு முதற்பிரசவம். எட்டாம் மாதத்தில் இரத்த அழுத்தம் கூடிவிட்டதால், எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க முடியாதென்று மெல்பேர்னுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரசவத்துக்கு உதவியாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமி, அதாவது மனைவியின் தாயார், வந்திறங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை. மகளைப் பார்க்க அவரை நான் காரில் கூட்டிக்கொண்டு போனேன்.

மாமியும் நானும் அதுவரை நேருக்கு நேர் பேசியதில்லை. மனத்தாங்கல் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. மருமகன் வீட்டுக்கு வந்தால் மாமி குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வார். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். மகள் என்னிடம் சொல்வாள். எனக்கு முன்னால் அவர் சாப்பிட்டதையும் நான் கண்டதில்லை. இப்போது இடையில் நின்று பேசுபவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அதனால் காரின் பின் ஆசனத்திலிருந்து மாமி யன்னலுடன் பேசிக்கொண்டு வந்தார்.

"இஞ்சை மாடுகள் நல்லாக் கொழுத்திருக்கு" என்று யன்னலிடம் சொல்வார்.

"ஓம், நல்ல புல்லு" என்று நான் ஸ்டியரிங்கிடம் சொல்வேன்.

பார்வையாளர் நேரம் பிற்பகலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. இரண்டு முறையும் பார்த்து, இரவு அங்கே தங்கி, மறுநாள் காலை டாக்டரைச் சந்தித்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். மாமி விடியற்காலையிலேயே எழுந்து புளிச்சாதமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் செய்து, எல்லோருக்குமாகக் கட்டி ஒரு கூடையில் வைத்திருந்தார். மாமிக்கு நீரிழிவு உண்டு; அதோடு சுத்த சைவம். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார்.

பிற்பகல் சந்திப்பு முடிந்து கிளம்பும்போது மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். மாமி அப்போது வாசலுக்குப் போய்விட்டார்.

"இஞ்சருங்கோ, அம்மா வரேக்கை காரிலை சீனி வருத்தக் குளிசை போட்டவவாம். அதைப் போட்டால் கட்டாயம் சாப்பிட வேணும். இல்லாட்டி விழுந்திடுவா. ஊரிலை ஒருக்கா விழுந்தவ. கேட்டால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவா. விட்டிடாதேங்கோ."

"கூடையிலை சாப்பாடு இருக்குத்தானே?" என்றேன்.

அவள் பதில் சொல்லுமுன் தாதி வந்து மணி அடித்துவிட்டார்.

முதலில் தங்க ஓர் இடம் பிடிப்போம், அறைக்குள் மாமி தனியே இருந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து சற்றுத் தூரத்தில் ஒரு விளையாட்டு மைதானமும், அதன் எதிரே வரிசையாகச் சில மோட்டல்களும் இருந்தன. முன்பு ஒரு முறை அங்கே தங்கியிருக்கிறேன். சும்மா போனாலே அறை கிடைக்கும் இடம் அது.

அன்று அந்தத் தெரு முழுக்கக் கார்கள். மைதானத்தில் பேஸ்போல் போட்டி. வெவ்வேறு மாநிலங்களிலிருந்து வந்த அணிகள் மோட்டல்களையெல்லாம் நிரப்பியிருந்தன. முதல் மோட்டலில் மட்டும் ஓர் அறை மிச்சமிருந்தது. இரண்டு கட்டில்கள் உண்டு என்று வரவேற்பிலிருந்தவர் சந்தோஷமாகச் சாவியை எடுத்தார்.

எனக்கு இரண்டு அறைகள் வேண்டும் என்றேன். காரிலிருப்பவர் யார் என்று கேட்டார். என் மனைவியின் தாயார் என்றேன். அப்படியென்றால் இரண்டு கட்டில் போதுமே என்றார். அவருக்கு அதை எப்படி விளக்குவது? முகம் பார்த்துப் பேசாத மாமியிடம் போய், இரவு நாமிருவரும் ஒரே அறையில் என்று நான் எந்த வாயால் சொல்வது? நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த மோட்டலில் இடமில்லை. அதற்கடுத்ததில் கேட்கவே விடவில்லை. கதவிலேயே பலகை தொங்கியது. தெருமுனையிலிருந்த பழைய ஹோட்டலில் மாடி முழுக்க ஓர் அணிக்கே கொடுத்துவிட்டார்களாம். திரும்பி முதல் மோட்டலுக்கு ஓடினேன். அந்த அறையும் போய்விட்டது. வரவேற்பிலிருந்தவர் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார்.

மாமி காரில் அசையாமல் இருந்தார். என் கம்பளிக் கோட்டைச் சேலைக்கு மேல் போட்டிருந்தார். இனியும் தாமதிக்கக்கூடாது என்று பட்டது.

"மாமி, நீங்கள் கூடையிலை இருக்கிறதைச் சாப்பிடுங்கோ. நான் வெளியிலை நிக்கிறன்."

"இப்ப பசியில்லை. பிறகு பாப்பம்" என்றார் யன்னலிடம்.

"குளிசை போட்டிட்டீங்கள் எல்லே?"

"அது போட்டாச்சு."

நான் இறங்கி, காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவோரம் நின்றேன். நான் பார்க்காவிட்டால் சாப்பிடுவார் என்ற நம்பிக்கை. குளிர் காற்று காதை அறுத்தது. மைதானத்திலிருந்து திடீர் திடீரென்று கூச்சல் எழுந்தது. அந்தக் காலத்து மெல்பேர்னில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரே கதவை மூடிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாக் கடைகளும் பூட்டு. ஒருவேளை மாமிக்கு வேறு ஏதும் வேண்டுமென்றால் எங்கே போய் வாங்குவது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

திரும்பி வந்து பார்த்தபோது கூடை கட்டியபடியே இருந்தது. மாமியின் நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை. மடியிலிருந்த கைவிரல்கள் நடுங்கின.

கூடையை எடுத்தேன். கையில் பாரமே இல்லை. துணியை அவிழ்த்தால் உள்ளே வெறும் தட்டுகளும் ஒரு கரண்டியும்.

"மாமி, சாப்பாடு எங்கை?"

"பிள்ளைக்கு அங்கை குடுக்கிறது வாய்க்கு வைக்கேலாதாம்..." மாமியின் நாக்கு குழறியது. "நீங்கள் அங்காலை திரும்பேக்கை முழுக்க அங்கையே வைச்சிட்டன். அவள் ரண்டு நேரத்துக்கும் தின்னட்டும்."

மனைவியின் 'விழுந்திடுவா' என்ற சொல் காதுக்குள் அடித்தது. ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் கொண்டுபோகலாம். ஆனால் போட்டிக்கு வந்த கார்கள் என் காரை முன்னும் பின்னும் நெருக்கி நின்றன. உடனே வேண்டியது சீனி. ஆட்கள் இருந்த ஒரே இடம் எதிரே இருந்த மைதானம். கதவைத் திறந்து மாமியின் கையைப் பிடித்து இறக்கினேன். கல்யாணமாகி அத்தனை காலத்தில் அவர் கையை நான் தொட்டது அன்றுதான். மாமி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், பலம் இருக்கவில்லை.

வாசலில் நின்றவர் நுழைவுச்சீட்டு கேட்டார். மாமியைக் காட்டி, சுகமில்லை, சாப்பிட ஏதும் வேண்டும் என்றேன். மரத்தாலான பார்வையாளர் படிகளுக்குக் கீழே இருந்த கன்ரீன் பக்கம் கையைக் காட்டி விட்டுவிட்டார். அந்த வழி நீண்டுகொண்டே போனது. ஆட்கள் விலகி வழிவிட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

கன்ரீன் முழுக்க இறைச்சி அடைத்த 'பை' பலகாரம், சொசேஜ், வதக்கிய வெங்காய மணம். உள்ளே கம்பளித் தொப்பி போட்ட ஒரு பருத்த பெண்மணி நின்றார். அன்று விளையாடிய ஒருவனின் தாயாம்; உதவிக்கு வந்திருந்தார். சீனி வருத்தம், சாப்பிடவில்லை என்று நான் திணறித் திணறிச் சொல்லி முடிக்குமுன்பே, லெமனேட் போத்தல் ஒன்றின் மூடியைக் கழற்றி மாமியின் கையில் வைத்துவிட்டார்.

மாமி குடிக்கவில்லை. உதட்டை இறுக்க மூடிக்கொண்டார்.

"குடியுங்கோ மாமி. இதிலை ஒண்டும் கலக்கேல்லை. வெறும் சீனித் தண்ணி. சைவம்தான்."

தலையை ஆட்டினார். நான் கெஞ்சினேன். அந்தப் பெண்மணியும் ஏதோ சொன்னார். மாமியின் கண்கள் ஒரு பக்கம் செருகுவதுபோல இருந்தது. கையில் மருந்து இருக்க, அது வாய்க்குள் போகாமல் ஓர் ஆள் என் கண்முன்னால் விழப்போகிறார். மாலையில் மனைவியின் கட்டிலருகே போய் என்ன சொல்வேன்? அவளுடைய இரத்த அழுத்தம் என்னவாகும்?

அப்போதுதான் மாமி யன்னலையும் பார்க்காமல், நிலத்தையும் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, நான் இனி ஒரு சொட்டும் குடிக்கேலாது. காலமை தொடக்கம் அடக்கிக்கொண்டிருக்கிறன். எனக்கு ஒண்டுக்குப் போகவேணும்."

வீட்டிலிருந்து புறப்பட்ட நேரம் முதல்! வழியில் இரண்டு தரம் பெற்றோல் நிலையங்களில் நிறுத்தினேன். நான் மட்டும் இறங்கிப் போய் வந்தேன். ஆஸ்பத்திரியிலும் மகள் பக்கத்திலேயே நான் நின்றதால் அவளிடம் கேட்க முடியவில்லையாம். கேட்க வேண்டி வந்துவிடுமே என்றுதான் காலையிலிருந்து, குளிசைக்கு ஒரு மிடறு தவிர, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பெண்களுக்கான மலசலகூடம் மைதானத்தின் மறு மூலையில் இருந்தது. அதுவும் பூட்டு. ஆண்கள் கூட்டம் என்பதால் பூட்டியே வைத்திருப்பார்களாம். சாவி கன்ரீன் சுவரில் தொங்கியது. விஷயம் விளங்கியதும் அந்தப் பெண்மணி கன்ரீனை அப்படியே விட்டுவிட்டு, ஒரு கையில் சாவியும் மறு கையில் மாமியுமாக நடந்தார். வரிசையில் நின்ற ஒருவன் சத்தம் போட, இரண்டு நிமிடம் சொசேஜ் இல்லாவிட்டால் செத்துப்போக மாட்டாய் என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். போகும் வழியெல்லாம் மாமியை 'லவ்', 'லவ்' என்று கூப்பிட்டு, ஒவ்வொரு வாயாக லெமனேட்டைக் குடிக்கவைத்தார். இப்போது மாமி குடித்தார்.

நான் தள்ளி நின்றேன். கதவு மூடியது. உள்ளிருந்து ஒருவர் ஆங்கிலத்திலும் ஒருவர் தமிழிலும் பேசுவது கேட்டது. பிறகு சத்தமில்லை. பின்னால் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. எதற்கென்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பச்சைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். திறக்க வெகுநேரமானதுபோல் இருந்தது.

மாமி தானாகவே நடந்து வெளியே வந்தார். போத்தல் காலியாக இருந்தது.

கன்ரீனில் அந்தப் பெண்மணி பாண் துண்டுகளுக்கு வெண்ணெயும் ஜாமும் பூசக் கத்தியை எடுத்தார். அது சொசேஜ் வெட்டிய கத்தி என்பதை மாமி கண்டுவிட்டார். அந்தக் கத்தியையே உற்றுப் பார்த்தார். அந்தப் பெண்மணி மாமியைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், சிரித்துவிட்டுச் சுடுநீரில் கழுவிவந்தார்.

மரப்படியில் எனக்குப் பக்கத்திலேயே இருந்து மாமி சாப்பிட்டார். நான் முகத்தை மைதானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"அவ ஏன் என்னை லவ் லவ் எண்டுறா?"

"இஞ்சை அப்பிடித்தான் மாமி. எல்லாரையும் கூப்பிடுவினம்."

"அங்கை பாருங்கோ, மட்டையை எறிஞ்சுபோட்டு ஓடுறான். கிரிக்கெட்டிலை கொண்டெல்லோ ஓடுவினம்?"

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அறை கிடைக்காததைப் பற்றிக் கேட்டார். இரண்டு கட்டிலோடு ஓர் அறை இருந்ததையும், நான் வேண்டாமென்று விட்டு வந்ததையும் சொன்னேன்.

மாமி பாணைக் கீழே வைத்தார். "அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை? பிளேனிலை முன்னைப் பின்னை தெரியாத ஒரு வெள்ளைக்காரனுக்குப் பக்கத்திலை இருந்து விடியவிடிய நித்திரை கொண்டு வந்தனான். அவன்ரை தலை என்ரை தோளிலை. நீங்கள் என்ரை பிள்ளையின்ரை புருசன். உங்களோடை ஒரு அறையிலை படுக்கிறதுக்கு எனக்கு என்ன?"

கன்ரீன் பெண்மணியிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் தம் மகனுடைய அணியின் முகாமையாளரைக் கூப்பிட்டு ஏதோ அதட்டினார். பையன்கள் சிலர் ஓர் அறைக்குள் நெருக்கிப் படுப்பதாக முடிவாகி, எங்களுக்கு ஓர் அறை காலியானது. நான் திரும்பத் திரும்ப நன்றி சொன்னேன். அவர் அடுத்த ஆளுக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டே, அம்மாவைச் சாப்பிடவை என்று மட்டும் சொன்னார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனதும் மனைவி தாயிடம் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டீங்களோ என்பதுதான். "ஓம், வயிறு நிறைய" என்று சொல்லிவிட்டு, மாமி அவள் முன்னாலேயே என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தக் கதிரையை இஞ்சாலை இழுத்து விடுங்கோ" என்றார். மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்ததை அவளுக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் சொன்னோம்.

மாமியை நான் மதிக்காமல் நடந்ததில்லை. மாமியும் எனக்கு மரியாதை குறைத்ததில்லை. அந்த மரியாதைக்கு நடுவில்தான் அன்று ஓர் உயிர் போகப் பார்த்தது. அதன் பிறகு ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். வருபவரிடம் நான் எதுவும் வேண்டுமா என்று கேட்பதில்லை. பெட்டியை இறக்கியதும் முதலில் மலசலகூடத்துக் கதவைத் திறந்து லைட்டைப் போட்டுக் காட்டிவிட்டு, கேளாமலே சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறேன்.