பொய் சொன்ன இடுக்கி

தொண்ணூறுகளில், மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில், அறுவைசிகிச்சை இடுக்கி எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் மலிவான உணரியைச் செய்துகொண்டிருந்தேன். ஒரு மருத்துவர் அதைப் பார்க்க வரவிருந்த காலையில், ஆஸ்பத்திரியில் கிருமி நீக்குவதுபோல இடுக்கியை நீராவியில் வைத்து எடுத்தேன். எதையும் பிடிக்காமலேயே அழுத்தம் காட்டும் எண் ஏறியது. உணரியை ஒட்டிய பசை இளகியிருந்தது.

“ஆவியில வைக்காத புதுசக் காட்டுலா,” என்றார் மேலாளர்.

புதிய இடுக்கியால் மருத்துவர் கோழி ஈரலை நசுங்காமல் தூக்கினார். “நல்லாருக்கு தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க.”

“டாக்டர், ஆவியில வச்சா இது பொய் சொல்லுது,” என்றேன்.

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். “அப்ப சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க.”

மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறையைவிட்டுப் போனார். ஆவியைத் தாங்கும் பசை கிடைக்க ஐந்து மாதமானது. அதுவரை, வேலை போய்விடுமோ என்ற பயத்துடனேயே தீவிலிருந்த ஜார்ஜ்டவுனில் தினமும் வேலைக்கு வர ஃபெரி ஏறினேன்.