புகைக்கு முன்னால் நின்ற துரைக்கண்ணு

போன செவ்வாய்க்கிழமை காலை குமணன்சாவடி சிக்னலில் நின்றிருந்தபோது துரைக்கண்ணுவின் மனைவி செல்வி போன் செய்தார். "அண்ணே, அவரு போயிட்டாரு." ஹாரன் சத்தத்தில் காதில் விழவில்லை. "இன்னாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அதை இரண்டாம் முறை அவரைச் சொல்லவைத்தது இன்னும் உறுத்துகிறது.

துரைக்கண்ணுவை அறிந்த டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இதை எழுதுகிறேன். பெங்களூர் நெடுஞ்சாலையோரம் ஒரு புகைப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். சைலன்சரில் கருவியைச் செருகுவது அவர். கம்ப்யூட்டரில் சான்றிதழ் அடிப்பது நான். பாரிவாக்கத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் அவருடையது. அவர் பீடியைத் தொட்டதில்லை.

ஒருநாள் ஒரு ஜல்லி லாரி வந்தது. கருவி காட்டிய அளவு வரம்பை எங்கோ தாண்டியிருந்தது.

"முடியாது. டீசல் பம்பை சரிபண்ணிகினு வா" என்றார் துரைக்கண்ணு.

டிரைவர் சிரித்தார். "அண்ணாத்தே, இந்த ரோட்டுல ஓடுற வண்டியெல்லாம் நீ ஒருத்தனே நிறுத்தப்போறியா?"

"என் எதுக்க வர்றதை நிறுத்துவேன்."

துரைக்கண்ணு சாப்பிடப் போன நேரத்தில், முதலாளி சொன்னபடி, வேறொரு வண்டியைச் சோதித்து அந்த லாரியின் எண்ணில் சான்றிதழ் அடித்தேன். திரும்பி வந்தவர் லாரி புறப்படுவதைப் பார்த்தார். "இன்னா மாமே, நீ பேப்பர் அடிச்சா பொகை வெள்ளையாயிடுமா?" அதன்பிறகு அவர் மறுத்ததெல்லாம் என்னிடம் வந்தது. எத்தனை அடித்தேனோ தெரியாது.

சாலையை அகலப்படுத்தினால் நெரிசலும் புகையும் குறையும் என்றார்கள். ஓரத்துப் புளியமரங்கள் போயின. சாலை அகலமானது, அதை நிரப்ப இன்னும் லாரிகள் வந்தன. துரைக்கண்ணுவின் இருமல் நிற்கவில்லை. நுரையீரல் இறுகிவிட்டது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தவரிடம், "நான் அடிச்சிருக்கக் கூடாது" என்றேன்.

வெகுநேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "நீ அடிக்கலேன்னா பக்கத்துக் கடையில அடிச்சிருப்பான். அதான் மாமே எனக்கு பயமா கீது."

அடக்கம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன். இனி சோதனையையும் நானே செய்ய வேண்டும் என்றார் முதலாளி. சைலன்சர் பக்கம் குந்தினேன். முதல் லாரியே வரம்பைத் தாண்டியது. "முடியாது" என்றேன். மதியத்துக்குள் பக்கத்துக் கடைச் சான்றிதழோடு அதே லாரி எங்களைக் கடந்துபோனது. அதன் புகையில் சாலை கொஞ்ச நேரம் தெரியவில்லை.

ஒன்றையும் தடுக்காத அந்தச் சொல்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதையும் பதினெட்டு வருடம் கழித்துத்தான் எடுத்துக்கொண்டேன்.