கீரையிலிருந்து எடுத்த ஊசி

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கோழி இறகு இருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் காரிமங்கலத்தைச் சுற்றிய ஊர்களில் தொழுநோய் கண்டறியும் வேலை எனக்கு. வீடு வீடாகப் போய், உடம்பில் தேமல் இருக்கிறதா என்று பார்த்து, கண்ணை மூடச் சொல்லி, இறகால் தொட்டுவிட்டு, "எங்க தொட்டேன், விரலை வெச்சுக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். வேலைக்கென்று கொடுத்த பஞ்சு அரை நாளில் கசங்கி அழுக்காகிவிடும்; அதற்கு இறகு எவ்வளவோ தேவலை. உணர்வில்லாத தோலையே நாள் முழுக்கத் தேடி அலைந்துவிட்டு வந்து உட்கார்ந்தால், தட்டில் இருப்பது களியா சோறா என்பதுகூடச் சில நாள் உறைக்காது. இதைச் சொன்னால் அலட்டிக்கொள்கிறான் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த இறகை ஒருநாள் என் அக்காவின் பாதத்திலும் வைத்தேன். மொரப்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவள் அவள். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் பக்கமும் அக்கா வீட்டுக்காரர், மாமா பக்கமும் உழுது பிழைக்கிற குடும்பங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கோழிக்குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் எடுக்க எழுந்து போனபோது ஒரு செருப்பு கழன்று வாசலிலேயே கிடந்தது. அவள் பாட்டுக்கு ஒற்றைச் செருப்போடு நடந்து போய்விட்டாள்.

"அக்கா, செருப்பு கழண்டுருச்சு பாரு."

"அட, ஆமா. ஆறு மாசமாவே இப்படித்தான்டா. கால் தரையில பாவ மாட்டேங்குது. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குது. கைவிரலுங்கூட மதமதன்னு இருக்குது."

உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்னடா சும்மா நிக்கற, தொடேன்" என்றாள். அதற்குள் நான் மூன்று முறை தொட்டிருந்தேன்.

காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது என்னைப் பற்றித்தான். உடம்பில் ஒரு தேமல் இல்லை. ஆனாலும் என் மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை. மாமாவைத் தனியாக அழைத்துச் சொன்னேன். "பெருநோயா மச்சான்?" என்றார். "இருக்கலாம்" என்றேன். மருந்து தின்றால் குணமாகிவிடும், ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுக்க வேண்டியதில்லை என்று ஊர் ஊராகப் பேசுகிறவன் நான். அன்றைக்கு அதைக்கூடச் சொல்லாமல் நின்றேன். சாயங்காலமே அக்காவின் தட்டும் டம்ளரும் தனியாகிவிட்டன.

எட்டு நாள் கழித்து தருமபுரியில் எங்கள் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். தேய்த்துவைத்த பாத்திரம் மாதிரி வழவழவென்று இருந்தது நாக்கு. "இது நம்ம நோய் இல்லப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்காவிடம் கேட்டார்: "என்னம்மா சாப்பிடறீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவள் கையால் கோழியும் ஆடும் தின்றிருக்கிறேன். அவள் தட்டில் என்ன இருந்தது என்று ஒருநாளும் பார்த்தவனில்லை.

மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் அவள் மகனுக்கு, அப்போது இரண்டு வயது, மூளைக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள். மாதா கோயிலில் முட்டி போட்டு நேர்ந்துகொண்டிருக்கிறாள்: இவன் பிழைத்தால் ரத்தம் சம்பந்தப்பட்ட எதையும் சாகும்வரை நாக்கில் வைக்க மாட்டேன் என்று. பையன் பிழைத்தான். கறி, மீன், முட்டை போயிற்று. "பாலும் ரத்தத்துல இருந்து ஊறி வர்றதுதானுங்களே" என்று பாலையும் மோரையும் அவளே சேர்த்துக்கொண்டாள். நேர்ச்சையை வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் குழம்பை இறக்கி எல்லாருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் உட்கார்ந்து களியும் கீரையும் தின்று எழுந்திருக்கிறாள்.

டாக்டர் கோபப்படவில்லை. "கொள்ளு, அவரை எல்லாம் தின்னிருக்கீங்க, சதைக்கு வேண்டிய சத்து வந்திருக்குது. நரம்புக்கு வேண்டியது ஒண்ணு இருக்குதும்மா, பி12னு. அது கறி, முட்டை, பால்லதான் இருக்குது. கீரையில கிடையாது. விட்டா கால் நின்னுரும். தினம் ஒரு டம்ளர் பாலாவது குடிங்க" என்றார்.

"நான் குடிச்சா பையனுக்கு ஆவாதுங்க" என்றாள் அக்கா. அவ்வளவுதான் அவள் பேச்சு.

சரி, அப்படியானால் ஊசி என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஊசி போடும் அறையில் சிறிய கண்ணாடிக் குப்பியை உடைத்தார்கள். உள்ளே நல்ல சிவப்பு. அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"டேய், ரத்தமாடா இது?"

எனக்குத் தெரியாது. பக்கத்து அறையில்தான் டாக்டர் இருந்தார். பத்தடி நடந்து கேட்டிருக்கலாம். இப்போது நினைத்தாலும் என் புத்தியைச் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது. கேட்டு, அவர் ஏதாவது மாட்டு ஈரல் என்று சொல்லித் தொலைத்தால் என்ன செய்வது என்ற பயம். "ரத்தமெல்லாம் இல்லக்கா. செந்தண்டுக்கீரைச் சாறு" என்றேன். "கீரையில கிடையாதுன்னாரேடா அவரு?" "கூட்டா கடைஞ்சு தின்னா இருக்காதுக்கா. மிஷின்ல சாறாப் பிழிஞ்சு எடுத்தாத்தான்."

"படிச்சவன் நீ சொன்னா சரி" என்று கையை நீட்டினாள்.

நாலைந்து மாதத்தில் விரல்களில் உணர்வு திரும்பியது. ஊசியில் நூல் கோத்துக் காட்டினாள். காலிலும் பாதி சரியாகிவிட்டது. மாமா தட்டையும் டம்ளரையும் பழையபடி சேர்த்து வைத்தார். அதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மாதம் ஒரு ஊசி விடாமல் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாற்றல் வந்து சித்தேரி மலைக்குப் போனேன். அங்கிருந்து கீழே இறங்கி வருவது லேசில்லை. ஒன்றரை வருடம் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை.

போனபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். கொல்லை முழுக்கச் செந்தண்டுக்கீரை. அம்மியில் நசுக்கித் துணியில் பிழிந்து தினம் காலையில் ஒரு டம்ளர் குடிக்கிறாளாம். தெருப் பெண்களுக்கும் கொடுக்கிறாளாம்.

"ஊசிக்கு எதுக்குடா மாசாமாசம் தருமபுரிக்கு ஓடறது? மருந்தே வூட்டுல விளையறப்ப? என்னா, நம்ம கைப்பிழிசல் கொஞ்சம் மெதுவாத்தான் கேக்கும்."

அதற்குமேல் மறைக்கத் தெம்பில்லை. "அது கீரையில்லக்கா. நான் சும்மா சொன்னேன்" என்றேன்.

அக்கா மெல்லக் கீழே உட்கார்ந்தாள். வாசலில் அவள் மகன் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். அவனையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப ரத்தமாடா?"

"தெரியலக்கா."

என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "ஊசி போட்டதுல இருந்து அவனுக்கு ஒண்ணும் ஆவல இல்ல?" என்று இரண்டு தடவை கேட்டாள். அதன்பின் ஊசி என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. கீரைக்கொல்லையை மறுநாளே மாமாவை விட்டுப் பிடுங்கிப் போட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

பத்து நாள் கழித்து, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "கறியுமில்ல, ரத்தமுமில்லப்பா. கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்குது பாரு, மாவைப் புளிக்க வைக்குமே, அந்த மாதிரி ஒண்ணை வளர்த்து அதுல இருந்து எடுக்கறாங்க. கலரே அப்படித்தான்." இப்போது தருமபுரி மருந்துக் கடைகளில் அதே சத்து மாத்திரையாகத் தொங்குகிறது, அட்டையில் சைவத்துக்கான பச்சைப் புள்ளியோடு. யாரும் எதுவும் கேட்காமல் வாங்கிப் போகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வருவதில்லை. எதுவுமே வருவதில்லை.

அன்றைக்கு டாக்டர் சொன்னதும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கிருமி, மாவு, புளிப்பு என்று மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். மாதா மேல் ஆணையாக ரத்தம் இல்லை என்றேன். அக்கா பொறுமையாகக் கடைசிவரை கேட்டாள். குரலில் கோபமே இல்லை.

"கீரைன்னு சொன்னதும் இதே வாய்தானேடா" என்றாள். "போ, சாப்புடு. கோழி அடிச்சிருக்குது."

நான் போய்ச் சாப்பிட்டேன்.