வட்டத்தில் டீச்சருக்கு இடமில்லை

பிரேசர் டவுனில் நான் தமிழ் டீச்சராக இருந்த பள்ளியில், இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு ஒரு ஜூன் மாதம் தண்டனை ஒழிக்கப்பட்டது. ஏதோ ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த தலைமையாசிரியை அப்படி அறிவித்தார். இனி தப்பு செய்த பிள்ளையும் பாதிக்கப்பட்ட பிள்ளையும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். என்ன நடந்தது, யாருக்கு வலித்தது, எப்படிச் சரிசெய்யலாம் என்று மூன்றே கேள்விகள்.

இதற்கு நாங்கள் தயாரா என்று கேட்டு ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். "தயாரில்லைன்னு போடறவங்க என் ரூமுக்கு வந்து காரணம் சொல்லணும்." ஐந்து நிமிடத்தில் பள்ளியே தயாராகிவிட்டது. பி.டி. மாஸ்டர் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே டிக் போட்டார்.

முதல் வட்டம் ஏழாம் வகுப்புக்கு. ஒருத்தி தோழியின் ஓவியத்தில் மையைக் கொட்டிவிட்டாள். நூலகத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். கொட்டியவள் அழுதாள், வரைந்தவளும் அழுதாள், பத்து நிமிடத்தில் சமாதானம். தலைமையாசிரியை மேடத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?"

வரைந்தவள் கையைத் தூக்கினாள். "தமிழ் மிஸ் போன வாரம் என் கட்டுரைய கிளாஸ் முன்னாடி கிழிச்சாங்க. எனக்கு வலிச்சுது."

சாப்பாடு என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் ஊட்டா என்று கன்னடத்தில் எழுதியிருந்தாள், கிழித்தேன். அதைத் திருத்தம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"இதுல டீச்சர்ஸ் வரமாட்டாங்கம்மா," என்று மேடம் வட்டத்தைக் கலைத்தார்.

ஸ்டாஃப் ரூமில் எனக்கு ஏகப்பட்ட ஆறுதல். "இதுக்குத்தான் பிள்ளைங்கள பேசவிடக் கூடாதுங்கறது," என்றார் கணக்கு சார். தலையாட்டினேன். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளிடம், "நான் கிழிச்சது தப்பு. எப்படிச் சரிபண்ணட்டும்?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதித் தாங்க மிஸ்."

மதிய இடைவேளையில் எழுதினேன். முதல் ஊட்டா வந்ததும் பேனா நின்றது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். எழுதினேன். முடித்ததும் வாங்கிப் பார்த்து, "கையெழுத்து பரவால்ல மிஸ்," என்றாள்.

விஷயம் தெரிந்து மேடம் கூப்பிட்டனுப்பினார். "டீச்சரே இப்படி இறங்கிப்போனா அப்புறம் யார் மதிப்பாங்க?" அடுத்த வாரம் புது விதி வந்தது: வட்டத்தில் ஆசிரியர்களைப் பற்றிப் பேசக்கூடாது.

அதனால் அவள் என்னைப் பற்றிய குறைகளை நேராக என்னிடமே கொண்டுவந்தாள். மாதத்துக்கு ஒன்றாவது இருந்தது. பெரும்பாலும் நியாயமாகவும் இருந்தது.