தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

அக்கா அடைப்பு மடத்துக்குப் போன கிழமையில்தான் ‘கிளொய்ஸ்ரர்’ என்ற ஆங்கிலச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அடைப்பு மடம் என்றால், உள்ளே போன கன்னியர் பிறகு வெளியே வருவதில்லை. பள்ளிக்கூடம் நடத்துவதில்லை, வீடு வீடாய் வருவதுமில்லை. செபமும் தோட்டவேலையும்தான். அச்சுவேலிப் பக்கம் வாழைகளுக்கு நடுவே இருக்கிறது அந்த மடம். எங்கள் கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்விடலாம். அப்பாவுக்கு மட்டும் அது கடலுக்கு அப்பால் இருந்தது. அவளைக் கொண்டுபோய் விட அவர் வரவில்லை. வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் கரையில், மீனை விற்கக் கொடுக்கும் முன் வீட்டுக்கென்று கறிமீன் எடுத்து வைப்பார்கள். அதற்கு யாரும் விலை கேட்கமாட்டார்கள். அப்பா எப்போதும் அக்காவுக்கென்று ஒரு விளைமீனைச் சேர்த்து எடுப்பார். அவள் போன பிறகும் எடுத்தார். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவர் வலைப்பக்கம் திரும்பிவிடுவார்.

எனக்குத் துக்கம் வந்தால் சொற்களுக்குள் ஓடிவிடுவேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கிறவள் வேறெங்கே ஓடுவது? போனை எடுத்துத் தேடினேன். கிளொய்ஸ்ரர் லத்தீன் வழியாக வந்த சொல். ஆதியில் தாழ்ப்பாள். பிறகு தாழிட்ட இடம். பிறகு மடம், அந்த மடத்து முற்றத்தைச் சுற்றி ஓடும் கூரை போட்ட நடை, கடைசியில் அங்கே வாழும் வாழ்க்கை. ஒரு துண்டு இரும்பு வளர்ந்து வளர்ந்து வீடும் முற்றமுமாய் நிற்கிறது! எனக்குத் தாங்கவில்லை. நேரே அப்பாவிடம் போனேன்.

“அப்பா, அக்கா இருக்கிற மாதிரி இடத்துக்கு இங்கிலீசிலை ஒரு சொல் இருக்கு. அடியிலை போய்ப் பாத்தால் தாழ்ப்பாள் எண்டு அர்த்தம்.”

அவருடைய ஊசி நின்றது. “தாழ்ப்பாளோ?”

“ஓம். கதவுக்குப் போடுறது.”

“உந்தச் சொல்லைப் படிக்கவோ உன்னைக் கம்பசுக்கு விட்டனான்?”

குசினிக்குள்ளிருந்து அம்மா சொன்னாள்: “உவளுக்கு எந்த நேரம் என்ன கதைக்கிறதெண்டு தெரியாது.”

நான் திரும்பி நடந்தபோது அப்பா கேட்டார்: “எந்தப் பக்கம்?”

“என்னது?”

“தாழ்ப்பாள். உள்ளுக்கோ, வெளியிலையோ?”

எந்த அகராதியிலும் அது இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டாரைப் பார்க்க விடுவார்கள். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா என்னிடம், “வெளிக்கிடு, அக்காவிட்டைப் போவம்” என்றார். கையில் மீன் கொண்டுபோகும் பனையோலைப் பை, உமல். அதற்குள், முதல் நாள் பிடித்து ஐசில் வைத்த விளைமீன்.

மடத்துச் சுவரில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. சாமானை வைத்துச் சுற்றிவிட்டால் அது உள்ளே போய்விடும். கொடுப்பவர் முகமும் வாங்குபவர் முகமும் தெரியாது. அப்பா உமலை வைத்து மெல்லச் சுற்றினார்.

உள்ளே ஒரு வயதான குரல்: “செதிலும் எடுக்கேல்லை. இதை ஆர் வெட்டிறது?”

அப்பாவுக்கு வெட்கமாய்ப் போயிற்று. “வீட்டிலை என்ரை பிள்ளைதான் வெட்டுறவள், சிஸ்ரர்.”

“அப்ப இஞ்சையும் அவளே வெட்டட்டும்.” பெட்டிக்குப் பின்னால் பலர் சிரித்தார்கள்.

எங்களைப் பார்வையாளர் அறையில் இருத்தினார்கள். நடுவே கம்பித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கத்துக் கதவு திறந்து அக்கா வந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள், நகத்தில் தோட்டத்து மண். அப்பா சுகம் கேட்கவில்லை.

“தாழ்ப்பாள் எந்தப் பக்கம், பிள்ளை?”

அக்கா என்னைப் பார்த்தாள். “இவள் ஏதோ சொல்லிப்போட்டாள், என்ன?”

“எந்தப் பக்கமெண்டு சொல்லு.”

“எங்கடை பக்கம்தான், அப்பா. உள்ளுக்கை.”

“ஆர் போடுறது?”

“இந்தக் கிழமை என்ரை முறை.”

அவள் எழுந்து, தான் வந்த கதவுக்கு அப்பால் போய், அதைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு இழுத்துத் திறந்தாள். “இப்பிடித்தான்.”

“இன்னொருக்காப் போடு.”

அவள் போட்டாள், திறந்தாள். கடலில் எஞ்சின் சத்தம் கேட்கிறவரைப் போல அப்பா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தோள்கள் தணிந்ததை நான் பார்த்தேன்.

“கீச்சிடுது,” என்றார். “துருப்பிடிச்சிருக்கும். ஒருத்தரும் எண்ணெய் போடுறேல்லையோ?”

“உங்களை மாதிரி ஆர் இருக்கினம் இஞ்சை?” என்றாள் அக்கா. அதற்குப் பிறகு இருவரும் எஞ்சின், காற்று, அம்மாவின் முழங்கால் என்று கதைத்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் கதைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை.

புறப்படும்போது பெட்டி சுழன்று உமல் திரும்பி வந்தது. கழுவியிருந்தது. உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழம்.

வழியில், மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னாலிருந்த அப்பா சொன்னார்: “அடுத்த மாசம் கொஞ்ச எண்ணெய் கொண்டு போகவேணும். ஞாபகப்படுத்து.”

“மீனை வெட்டிக் கொண்டு போவமோ, அப்பா?”

“வேண்டாம்,” என்றார். “அவள் வெட்டட்டும்.”